லிஃப்டுக்குள் காலம் கிடையாது

காலத் தத்துவ நிறுவனத்தில் கடிகாரம் கிடையாது. முன்பு வாசலில் ஒன்று மாட்டியிருந்தார்கள். காலம் என்று ஒன்று உண்டா இல்லையா என்பதே இன்னும் முடிவாகாத ஓர் இடத்தில், அது பாட்டுக்கு டிக் டிக் என்று ஒரு தரப்புக்குப் பிரசாரம் செய்வது முறையல்ல என்று ஆட்சேபம் எழுந்தது. ஓடாத கடிகாரமாக மாட்டலாம் என்று சிலர் சமரசம் சொன்னார்கள். அது எதிர்த்தரப்புக்குப் பிரசாரமாகிவிடும் என்று வேறு சிலர் கொதித்தார்கள். கடைசியில் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஆணியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆணி நடுநிலையானது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நிறுவனத்தின் சரித்திரத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

இயக்குநர், காலமே கிடையாது என்ற கொள்கை உடையவர். முன், பின், இப்போது என்று நாம் சொல்வதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, அடித்துக்கொள்வது உண்மையாக இருக்க முடியாது, ஆகவே காலம் வெறும் மயக்கம் என்று தடித்தடிப் புத்தகங்களாக எழுதி நிறுவியிருந்தார். ஓய்வு பெறும் வயது வந்தபோது, இல்லாத காலம் எனக்கு எப்படி வயதைக் கொடுக்கும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். மேலிடத்துக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பதவி நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர்கள் பேசுவதை வெளியாட்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்ல அங்கே ஒரு பதவி இருந்தது. எளிய மொழி அலுவலர் என்று பெயர். கூப்பிட நீளமாக இருந்ததால் எல்லாரும் அதை 'எளியவர்' என்று சுருக்கிவிட்டார்கள். அந்தப் பதவிக்கு வருமுன் சோப்பு விளம்பரங்களுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு இந்தப் பெயர் அறவே பிடிக்காது. அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் காரணம். அவர் வளர்ந்தது ஒரு தையல் கடையின் பின்னறையில். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கல்யாணம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. பேச்செடுக்க வேண்டிய ஒரே ஆள் இவர்தான், இவர் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

வேலைக்கான நேர்முகத்தில் குடும்பம் என்ன செய்கிறது என்று இயக்குநர் கேட்டபோது, "ஜவுளித் துறை, சார்" என்றார் எளியவர்.

"ஏற்றுமதியா?"

எளியவர் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு மாநாட்டுக்கு மேடைக்குப் புதுத் திரை வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலில் சந்தோஷம் பொங்கி வழிந்தது.

"தம்பி, ஒரு அதிசயத்தைக் கேளு. உங்க ஆபீஸ் மேடைக்குத் திரை தைக்கிற வேலை நம்ம கடைக்கு வந்திருக்குடா! ஸ்டோர்காரர் போர்டைப் பாத்துட்டு உள்ள வந்தாரு. என் தம்பி அங்கதான் பெரிய ஆளா இருக்கான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு..."

"சொல்லிட்டியா?"

"இல்லடா. நீயே சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்."

எளியவருக்கு மூச்சு வந்தது. "சொல்லவே சொல்லாதேக்கா. சொந்தக்காரங்களுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு இங்க விதி இருக்கு. தெரிஞ்சா என் வேலைக்கே ஆபத்து. திரையைக் கொண்டு வர்ற அன்னிக்கும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

அப்படி விதி எதுவும் கிடையாது. ஸ்டோர் அதிகாரியே இயக்குநரின் மச்சினர்தான்.

"ஐயோ, நல்லவேளை சொல்லல" என்றாள் அக்கா. "நான் ஏண்டா வாயைத் திறக்கப் போறேன்?"

மாநாட்டு நாள் காலையில் எளியவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கீழ்த்தளத்தில் லிஃப்ட் பக்கம் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். அக்கா வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள். தன்னைவிடப் பெரிய மூட்டையாகக் கருநீல வெல்வெட் திரையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தம்பி நிற்கும் பக்கம் கழுத்தைக்கூடத் திருப்பாமல் போனாள். தெரியாதவர்கள் யாரும் ஒருவரை அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் போக மாட்டார்கள். கனமாக இருக்கிறதே என்று காவலாளி அவளை லிஃப்டில் ஏற்றிவிட்டார். லிஃப்ட் கதவு மூடியது, முனகியது, கொஞ்சம் மேலே போனது, இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே விளக்கும் போய்விட்டது.

எளியவர் படியேறி முதல் தளத்துக்கு ஓடினார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பலமாகத் தட்டினால் ஏதாவது உடைந்துவிடுமோ என்று பயந்து தட்டுகிற சத்தம். அதற்குள் கட்டட மேலாளர் வந்துவிட்டார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றார் எளியவர்.

"கூப்பிடலாம். ஆனா லிஃப்ட் எப்போ நின்னுச்சுன்னு பிரிவுத் தலைவர்கள் ஒத்துக்கணுமே. போன தடவை நான் பாட்டுக்கு 'காலையில நின்னுச்சு'ன்னு சொல்லிட்டேன். காலைன்னா என்னன்னு விளக்கம் கேட்டு நாலு பக்கமும் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கல்யாணம் பாக்கி இருக்கு, என்னை விட்டுடுங்க."

சத்தம் கேட்டு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவர் நிகழ்காலப் பிரிவின் தலைவர். இப்போது என்பது மட்டுமே உண்டு, நேற்றும் நாளையும் கிடையாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அவர் கடன் வாங்கிப் படித்த புத்தகங்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நேற்று கொடுத்தேனே என்றால், எந்த நேற்று என்று கேட்பார்.

"'நின்றுவிட்டது' என்கிறீர்கள். அது கடந்த காலம். கடந்த காலம் இல்லை" என்றார் அவர். "இந்தக் கணத்தில் லிஃப்ட் ஓர் இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். நன்றாக ஓடும் லிஃப்டும் எந்தக் கணத்தை எடுத்தாலும் ஓர் இடத்தில்தான் இருக்கும். ஆக, ஓடும் லிஃப்டுக்கும் இதற்கும் தத்துவரீதியாக வேறுபாடு இல்லை. பழுது எங்கே இருக்கிறது? எனக்குக் காட்டுங்கள்."

"உள்ள ஒருத்தங்க இருக்காங்க சார்" என்றார் எளியவர்.

"இருக்கிறார். அதை நான் மறுக்கவில்லையே. இருப்பதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை."

அவருக்குப் பின்னால் முக்காலப் பிரிவின் தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். நேற்று, இன்று, நாளை மூன்றும் ஒரே தெருவில் நிற்கும் வீடுகள் மாதிரி; நாம் ஒரு வீட்டு வாசலில் நிற்பதால் மற்ற வீடுகள் இடிந்து போய்விடுவதில்லை என்பது அவருடைய கட்சி. மனிதர் எதற்கும் பதறியதாக யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பெண்மணி வெளியே வந்தாகிவிட்டது" என்றார் அவர்.

எளியவர் கதவைப் பார்த்தார்.

"இங்கே இல்லை ஐயா. நாளை என்ற வீட்டில். அங்கே அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். நாம் இங்கே நிற்பது எவ்வளவு உண்மையோ அதுவும் அவ்வளவு உண்மை. ஏற்கெனவே இருக்கிற ஒன்றை நடத்திவைக்க ஒரு மெக்கானிக் எதற்கு?"

லிஃப்ட் கம்பெனியின் எண் கதவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. எளியவரின் கை சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டது. சரியாக அந்த நேரம் இயக்குநர் வந்துசேர்ந்தார். கை தானாக வெளியே வந்து கும்பிட்டது.

"யார் உள்ளே?" என்று கேட்டார் இயக்குநர்.

"திரை கொண்டு வந்தவங்க சார்" என்றார் எளியவர். சொன்னது முழுக்க முழுக்க உண்மை. அவர் சோப்பு விற்ற காலத்திலும் பொய் எழுதியதில்லை. உண்மையில் பாதியை எழுதுவார்.

மனக்காலப் பிரிவின் தலைவி கதவருகே வந்து காது வைத்துக் கேட்டார். காலம் வெளியே எங்கும் இல்லை. போனதை நினைப்பது, இருப்பதைக் கவனிப்பது, வருவதை எதிர்பார்ப்பது என்று மனசு தன்னை மூன்று பக்கமும் இழுத்துக்கொள்கிறதே, அந்த இழுவைக்குத்தான் காலம் என்று பெயர் என்று அவர் சொல்லுவார். இருந்தவர்களில் இவர் ஒருவர்தான் முகத்தில் கவலையோடு பேசினார்.

"அவர் காத்திருக்கிறார், பாவம். காத்திருப்பது எதனால்? கதவு திறக்கும் என்ற எதிர்பார்ப்பினால். எதிர்பார்ப்பை நிறுத்திவிட்டால் காத்திருப்பு போய்விடும். காத்திருப்பு போனால் நேரம் போவதும் போய்விடும். அவருக்கு உடனடியாகச் செய்யக்கூடிய உதவி இதுதான்."

"அருமை" என்றார் இயக்குநர். "எளியவரே, இதை அந்த அம்மாவுக்கு எளிய மொழியில் சொல்லுங்கள்."

எளியவர் கதவிடுக்கில் வாயை வைத்தார். பின்னால் எல்லாரும் நின்றார்கள். எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் நாக்கு தடுமாறியது.

"அம்மா..." என்றார். "உள்ள இருக்கீங்களாம்மா?"

உள்ளே வெல்வெட் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "இருக்கேன் சார்" என்று பதில் வந்தது.

பிறந்ததிலிருந்து அவரை 'டா' போட்டுக் கூப்பிட்ட குரல் அது. சளி பிடித்தால் தைலம் தேய்த்துவிட்ட, எட்டாம் வகுப்பில் பெயிலானபோது ஸ்கேலால் அடித்த அக்காவின் குரல். அது சார் என்றதும் அவருக்குக் காது மடல் சுட்டது.

"காத்து வருதுங்களா?"

"வருதுங்க சார். இருட்டாத்தான் இருக்கு."

"கதவு திறக்கும்னு எதிர்பாக்காதீங்கம்மா. எதிர்பாத்தாத்தான் நேரம் போகாது."

"சரிங்க சார். எதிர்பாக்கல."

அதற்குள் படியேறி வந்து கூடியிருந்த விருந்தாளிகள் கைதட்டினார்கள். இயக்குநருக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. "நண்பர்களே, எத்தனையோ ஆண்டுகளாக நாம் காகிதத்தில் தேடியது இன்று தானாகவே நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஜன்னல் இல்லை, வெளிச்சம் இல்லை, உள்ளே ஒரு சாதாரண மனம். மாநாட்டை இங்கேயே தொடங்கிவிடலாம்!"

மேலே இருந்து நாற்காலிகள் இறங்கின. மைக் இறங்கியது. வரவேற்புரை, லிஃப்ட் கதவைப் பார்த்தபடி நிகழ்ந்தது. இயக்குநர் குத்துவிளக்குக்குப் பதிலாக லிஃப்ட் பொத்தானை ஒரு முறை அழுத்தி மாநாட்டைத் தொடங்கிவைத்தார். எதுவும் நடக்கவில்லை. அதுவே தன் கொள்கைக்கு நல்ல சகுனம் என்றார்.

அடுத்து மாற்றப் பிரிவின் தலைவர் பேசினார். நிறுவனத்தில் வயதில் மூத்தவர். மாற்றம் எவ்வளவோ அவ்வளவுதான் காலம், மாற்றம் இல்லாத இடத்தில் காலம் இல்லை என்று ஒரே வரியை ஆயுசு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"உள்ளே என்ன மாறுகிறது? லிஃப்ட் அசையவில்லை. விளக்கு எரியவில்லை. பெண்மணி நின்ற இடத்திலேயே நிற்கிறார். மாற்றம் ஏதுமில்லை. ஆகவே உள்ளே காலம் செல்லவில்லை. நாம் இங்கே எவ்வளவு பேசினாலும் அவருக்கு அது ஒரு நொடிகூட இல்லை. எனவே அவசரப்படாமல் பேசலாம் என்று அவையோரைக் கேட்டுக்கொள்கிறேன்."

தேநீர் வந்தது. எல்லாரும் எழுந்து கோப்பையோடு கும்பல் கும்பலாக நின்று பேசத் தொடங்கினார்கள். எளியவர் மட்டும் கதவோரம் நின்றார். இடுக்கிலிருந்து மிக மெல்லிய குரல் வந்தது.

"தம்பி... தம்பி, இருக்கியாடா?"

எளியவர் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார். "ம்."

"எனக்கு ஒண்ணுக்கு வருதுடா. காலையில எந்திரிச்சதுலேருந்து மெஷின்லயே உக்காந்துட்டேன், உன் ஆபீஸ் வேலையாச்சே, ஓரம் கோணக் கூடாதுன்னு. இப்ப அடக்க முடியலடா. யாரையாவது சீக்கிரம் கூப்பிடேன்."

எளியவர் சுவரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று கோப்பையும் கையுமாக இயக்குநர் பக்கத்தில் வந்து நின்றார்.

சொல்லியிருக்கலாம். சிறுநீர் என்ற சொல் அந்த நிறுவனத்தில் யாருக்கும் புரியாத சொல் அல்ல. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, உங்களிடம் மட்டும் ஏன் சொன்னார் என்று வரும். அப்புறம் யார் என்று வரும். அப்புறம் ஜவுளி ஏற்றுமதி வரும்.

"சௌகரியமா இருக்காங்களாம் சார்" என்றார் எளியவர். போன் பைக்குள் போய்விட்டது.

கதவு மெல்லியது. உள்ளே கேட்காமல் இருந்திருக்காது.

தேநீருக்குப் பிறகு அமர்வு சூடுபிடித்தது. மனக்காலத் தலைவி, உள்ளே எவ்வளவு நேரம் ஆனதாகத் தோன்றுகிறது என்று எளியவர் மூலமாக அடிக்கடி விசாரித்தார். முதலில் "தெரியலைங்க சார்" என்று வந்தது. பிறகு "ம்" என்று வந்தது. பிறகு எதுவுமே வரவில்லை.

"பார்த்தீர்களா!" என்று இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "காலம் கரைந்துவிட்டது. கேள்விக்குப் பதிலில்லை, ஏனென்றால் கேள்வியின் பொருளே உள்ளே இல்லை. இத்தனை நாள் என்னை எதிர்த்தவர்கள் இந்த மௌனத்துக்குப் பதில் சொல்லட்டும்."

நிகழ்காலமும் முக்காலமும் ஒரே சமயத்தில் எழுந்து பதில் சொன்னார்கள். யார் முதலில் எழுந்தது என்பதில் தகராறு வந்தது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. அந்தக் களேபரத்தின் நடுவில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, யாரும் எதுவும் செய்யாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து கதவைத் திறந்தது.

அக்கா மூலையில் ஒட்டி நின்றாள். திரையைச் சுருட்டி இடுப்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். வெல்வெட்டின் கீழ்ப்பாதி நனைந்து கறுத்திருந்தது. கல்யாணப் புடவை முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டியிருந்தது. தரையைத் துடைக்கவும் முயன்றிருக்கிறாள், முழுக்க முடியவில்லை. வாசனை வெளியே வந்தது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

முன்வரிசை நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. கடைசியில் மாற்றப் பிரிவின் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மாற்றம்" என்றார். குரல் தழுதழுத்தது. "உள்ளே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஆகவே காலம் சென்றிருக்கிறது. பழங்காலத்தில் நீர் சொட்டுவதை வைத்துத்தான் பொழுதை அளந்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். நான் சொன்னது தவறு. என் வாழ்க்கையில் முதல் முறையாக என் கருத்தைப் பொதுச்சபையில் திருத்திக்கொள்கிறேன்."

அவருடைய நேர்மையை மெச்சிச் சபை எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் எதற்கு என்று அக்காவுக்குப் புரியவில்லை. அவள் இன்னும் மூலைக்குள் ஒடுங்கினாள்.

"அம்மா, வெளியே வாருங்கள்" என்றார் இயக்குநர், மைக்கை நீட்டி. "உள்ளே இருந்தபோது காலத்தை எப்படி உணர்ந்தீர்கள்? தயங்காமல் சொல்லுங்கள்."

"சார்... பாத்ரூம் எந்தப் பக்கங்க?"

"சொல்கிறேன். முதலில் இந்தக் கேள்வி."

அக்கா மைக்கைப் பார்த்தாள். "திரை கெட்டுப்போச்சுங்க சார். எடுத்துட்டுப் போய் அலசிக் காயவச்சுக் குடுத்துடறேன். தெரியாம ஆயிடுச்சு. எல்லாரும் மன்னிச்சுக்கங்க."

அந்த 'மன்னிச்சுக்கங்க' மைக் வழியாக எல்லாத் தளத்துக்கும் போனது.

"இவங்க என் அக்கா" என்றார் எளியவர்.

எல்லாரும் திரும்பினார்கள். இயக்குநருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?"

அக்கா அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். தம்பியை அல்ல, இயக்குநரை.

"இல்லீங்க சார். இந்த சாரை நான் இதுக்கு முன்ன பாத்ததே இல்ல. உள்ள நான் பயந்துடக் கூடாதுன்னு அக்கா மாதிரி நெனச்சு ஆறுதலாப் பேசினாரு. அதைச் சொல்றாரு, பாவம். தங்கமான மனுஷன்."

"அப்படிச் சொல்லுங்கள்!" இயக்குநர் எளியவரின் தோளில் கையைப் போட்டார். "எளிய மொழி என்றால் இதுதான். சாதாரண மக்களோடு உறவு கொண்டாடுவது. அப்படித்தானே?"

எளியவர் இரண்டாம் முறை சொல்வதற்காக வாயைத் திறந்தார். அக்காவின் கால்விரல்கள் ஈரத்தில் மடங்கி நிற்பது தெரிந்தது. எல்லாருடைய கண்ணும் தெரிந்தது.

"ஆமாம் சார்" என்றார்.

பிற்பகல் அமர்வை விட்டுவிட்டு அவர் அக்காவைத் தேடிக்கொண்டு போனபோது, அவள் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த குழாயில் திரையை அலசி மூட்டையாகக் கட்டி மடியில் வைத்திருந்தாள். புடவை மேலிருந்து கீழ்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எந்த ஈரம் எது என்று யாருக்கும் தெரியாமல் இருக்க, குழாயடியில் தன்மேல் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

எளியவர் பக்கத்தில் போய் நெருங்கி உட்கார்ந்தார். அவருடைய பேண்ட்டும் நனைந்தது. 

"அக்கா, அந்த விதி... அப்படி எந்த விதியும் இல்லக்கா."

"தெரியும்டா" என்றாள் அக்கா. "மேடையை அளவெடுக்க நான் வந்த அன்னிக்கே ஸ்டோர்காரர் சொன்னாரு, இயக்குநர் எங்க அக்கா புருஷன்தான்னு. நல்ல மனுஷன், மறைக்காம பெருமையாச் சொன்னாரு."

"அப்புறம் ஏன்க்கா? அங்க ஏன் அப்படிச் சொன்னே?"

"நீதானேடா கேட்டுக்கிட்ட."

  எளியவர் அக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. இனி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இவள் என் அக்கா என்று சொல்வது என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். அந்த உறுதி அவருக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நிறுவனத்தின் வாசலிலிருந்து இயக்குநரின் கார் வெளியே வந்தது. தெருவில் திரும்பி, பஸ் நிறுத்தத்தை நோக்கி மெதுவாக வந்தது.

எளியவர் எதுவும் நினைக்கவில்லை. ஆனால் கை அக்காவின் கையை விட்டுவிட்டது. உடம்பு பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. கண் எதிர்ப்பக்கத்துக் கடையின் விலைப்பலகையைப் படிக்க ஆரம்பித்தது. கார் அவர்களைத் தாண்டிப் போனது. உள்ளே இயக்குநர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கார் போன பிறகும் எளியவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தனக்கும் அக்காவுக்கும் நடுவில் விழுந்த அந்த வெற்றிடம் தொடையில் குளிர்ந்தது.

அக்கா மடியிலிருந்த மூட்டையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள்.

"நல்லதாப் போச்சுடா, நகர்ந்துக்கிட்ட" என்றாள். "மடியில ரொம்ப கனமா இருந்துச்சு."